அழிக்கும் கருவியை ஏஜென்ட்டிடம் கொடுக்கும் முன்: தரவுத்தள நீக்கக் கருவிக்கு ஆவணம் எழுத முழுமையான வழிகாட்டி

2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோர் ரெப்லிட் என்ற நிரலாக்கத் தளத்தில், தானாகவே கருவிகளை இயக்கி வேலையை முடிக்கும் ஏஐ ஏஜென்ட்டின் துணையோடு ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். இனி எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று ஏஜென்ட்டிடம் தெளிவாகவே சொல்லியிருந்தார். அதையும் மீறி அது, உண்மைப் பயனர்கள் பயன்படுத்தும் புரொடக்‌ஷன் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. விசாரித்தபோது, பழைய நிலைக்குத் திரும்ப வழியே இல்லை என்று அடித்துச் சொன்னது. உண்மையில் வழி இருந்தது. தரவும் திரும்பக் கிடைத்தது. ரெப்லிட்டின் தலைமைச் செயல் அதிகாரி அம்ஜத் மசாத் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்து, மேம்பாட்டுத் தரவுத்தளத்தையும் புரொடக்‌ஷனையும் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்.

செய்தி வந்தபோது பேச்செல்லாம் முதல் பாதியைப் பற்றித்தான். ஆவணம் எழுதுகிறவர்கள் இரண்டு பாதியையும் படிக்க வேண்டும். “செய்யாதே” என்று எழுதிவைப்பதால் மட்டும் ஓர் ஏஜென்ட் செய்யாமல் இருந்துவிடாது என்பது முதல் பாதி. தன் கையில் இருக்கும் கருவியைப் பற்றித் தெரியாததை அது ஊகித்துச் சொல்லும், அதையும் துளித் தயக்கமின்றிச் சொல்லும் என்பது இரண்டாம் பாதி. ஆகவே தடுக்கும் வேலையை அனுமதிகளிடம் விட்டுவிட வேண்டும். ஆவணத்தின் வேலை, அந்தத் தடுப்புகளையும் கருவியின் விளைவுகளையும் உள்ளது உள்ளபடி சொல்வது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்தப் பிரிவினையிலிருந்துதான் பிறக்கின்றன.

எடுத்துக்காட்டுக்கு, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் ஓடும் ஒரு சர்வரை வைத்துக்கொள்வோம். அதிலுள்ள தற்காலிகத் தரவுத்தளங்களை அழிக்கும் ஒரு கருவியை எம்சிபி வழியாக ஏஜென்ட்டுக்குத் தருகிறோம். எம்சிபி என்பது ஏஐ மாதிரிகளை வெளிக்கருவிகளோடு இணைப்பதற்காக ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறை. வேறு நெறிமுறையில் வேலை செய்கிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: எழுதும் முன் அழித்துப் பாருங்கள்

கருவியை எழுதிய பொறியாளரிடம் கேட்டு ஆவணம் எழுதுவது வழக்கம். இந்தக் கருவிக்கு அது போதாது. ஒரு சோதனை சர்வரில் நீங்களே ஒரு தரவுத்தளத்தை உருவாக்கி, நாலு அட்டவணைகளை நிரப்பி, கருவியை ஓட்டிப் பாருங்கள். எது போனது, எது மிஞ்சியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

போஸ்ட்கிரெஸில் தெரியவருபவை இவை. தரவுத்தளத்தை அழிக்கும் ‘டிராப் டேட்டாபேஸ்’ கட்டளையை, மொத்தமாக ஏற்கவோ ரத்துசெய்யவோ கூடிய ஒரு பரிவர்த்தனைக்குள் வைத்து ஓட்ட முடியாது. எனவே செய்ததை ரத்துசெய்யும் ‘ரோல்பேக்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அழிக்கவேண்டிய தரவுத்தளத்தோடு இணைந்திருந்தபடியே அதை அழிக்க முடியாது. வேறொன்றோடு இணைந்துதான் கட்டளையைத் தர வேண்டும். வேறு யாராவது அதில் இணைந்திருந்தால் கட்டளை தோல்வியடையும். 13ஆம் பதிப்பிலிருந்து ‘ஃபோர்ஸ்’ என்ற விருப்பம் வந்துவிட்டது. அதைச் சேர்த்தால் அந்த இணைப்புகளைத் துண்டித்துவிட்டு அழிக்கப் பார்க்கும். பயனர் ரோல்கள் (உரிமைகள் தரப்படும் கணக்குகள்) முழு சர்வருக்கும் பொதுவானவை என்பதால் அவை மிஞ்சும்.

ரெப்ளிக்கா விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்ட்ரீமிங் ரெப்ளிக்கா என்ற நகல் சர்வர், முதன்மை சர்வரில் நடப்பதை அப்படியே பின்பற்றும். அங்கே தரவுத்தளம் அழிந்தால் இங்கேயும் அழியும். “ரெப்ளிக்கா இருக்கிறது, கவலை வேண்டாம்” என்ற வாக்கியம் உங்கள் ஆவணத்தில் எங்காவது இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். அதைப் படிக்கும் ஏஜென்ட், அழிப்பதால் ஆபத்தில்லை என்று முடிவுகட்டக்கூடும்.

படி 2: அனுமதியைச் சரிசெய்த பிறகே பேனாவை எடுங்கள்

போஸ்ட்கிரெஸில் ஒரு தரவுத்தளத்தை அதன் உரிமையாளரும், எல்லா உரிமைகளும் உள்ள சூப்பர்யூசரும்தான் அழிக்க முடியும். இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஏஜென்ட்டுக்கென்று தனியாக ஒரு ரோல் உருவாக்குங்கள். தரவுத்தளம் உருவாக்கும் உரிமையை மட்டும் அதற்குக் கொடுங்கள். அது எதை உருவாக்கியதோ அதற்கு அதுவே உரிமையாளர். அதை மட்டும்தான் அதனால் அழிக்கவும் முடியும். மற்றவர்களின் தரவுத்தளத்தைத் தொட்டால் சர்வரே மறுத்துவிடும். ஒரு சிறு எச்சரிக்கை: இந்த ரோலை வேறொரு உரிமையாளர் ரோலில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டால் அந்த உரிமையும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே உறுப்பினர் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இதைச் செய்யாமல், சூப்பர்யூசர் கடவுச்சொல்லோடு கருவியை ஓடவிட்டு, “புரொடக்‌ஷனைத் தொடாதே” என்று விளக்கத்தில் எழுதச் சொல்லும் குழுக்கள் உண்டு. ஆவணம் எழுதுகிறவர் அங்கே பேனாவை மூடிவைத்துவிட்டு மறுப்பதே சரி. எழுதினால், இல்லாத பாதுகாப்பை இருப்பதாகக் காட்டியதாகிவிடும்.

படி 3: பெயர்

பெயரைப் பார்த்தவுடன் பயம் வர வேண்டும். ‘கிளீனப்’, ‘ரீசெட்’, ‘மேனேஜ்’ போன்ற மழுப்பலான சொற்களைத் தவிருங்கள். ‘டிராப்_டெம்ப்_டேட்டாபேஸ்’ என்று பச்சையாக வையுங்கள்.

உருவாக்குதல், பட்டியலிடுதல், அழித்தல் மூன்றையும் ‘மேனேஜ்_டேட்டாபேஸ்’ என்ற ஒரே கருவிக்குள் அடைத்து, எது வேண்டும் என்பதை ஓர் அளவுருவில் (அழைக்கும்போது தரும் மதிப்பில்) கேட்கும் வடிவமைப்பு பொறியாளர்களுக்குப் பிடித்தமானது. ஆனால் பல ஏஜென்ட் செயலிகளில் பயனர் ஒப்புதல் தருவது கருவியின் பெயருக்குத்தான். பட்டியலைப் பார்ப்பதற்காக “எப்போதும் அனுமதி” என்று ஒருவர் அழுத்தினால், அழிப்பதற்கும் சேர்த்தே அனுமதி கொடுத்தவராகிறார். எனவே அழிப்பு எப்போதும் தனிக் கருவியாக இருக்கட்டும்.

படி 4: விளக்கம்

மனிதர்களுக்கான ஆவணத்தை முன்கூட்டியே ஒருமுறை படித்துவிட்டு, மறந்தும் போகிறார்கள். கருவியின் விளக்கம் அப்படியில்லை. முடிவெடுக்கும் அந்த நொடியில் அது மாதிரியின் கண்முன் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எடை உண்டு. வீண் வாக்கியத்துக்கும் கூட.

பல இடங்களில் காணக்கூடிய விளக்கம் இப்படி இருக்கும்: “கொடுக்கப்பட்ட தரவுத்தளத்தை நீக்குகிறது. எச்சரிக்கையுடன் பயன்படுத்தவும்!” இரண்டாவது வாக்கியத்தால் பயன் ஏதுமில்லை. எச்சரிக்கை என்றால் என்ன செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. நம் எடுத்துக்காட்டுக் கருவிக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

“ஒரு தற்காலிக போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை, அதிலுள்ள எல்லா அட்டவணைகளோடும் சேர்த்து நிரந்தரமாக அழிக்கிறது. ‘டெம்ப்_’ என்று தொடங்கும் பெயர்களை மட்டுமே ஏற்கும். இவற்றுக்கு பேக்கப் எடுக்கப்படுவதில்லை. அழிந்த பின் மீட்க முடியாது.

எப்போது அழைப்பது: ஒரு சோதனை ஓட்டத்திற்காக உருவாக்கிய தரவுத்தளத்தை நீக்கும்படி பயனர் அதன் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்கும்போது.

எப்போது அழைக்கக் கூடாது: சில வரிசைகளை நீக்க வேண்டுமென்றால் ‘டெலீட்_ரோஸ்’ கருவியை அழைக்கவும். அட்டவணையைக் காலிசெய்ய ‘டிரங்கேட்_டேபிள்’. சோதனைத் தரவைப் புதிதாக நிரப்ப ‘ரீசீட்_டெம்ப்’. மைக்ரேஷன் தோல்வியடைந்தால் இதை அழைக்காமல் பிழைச் செய்தியைப் பயனரிடம் காட்டவும். வட்டில் இடம் போதாவிட்டால் ‘லிஸ்ட்_டெம்ப்’ பட்டியலைப் பயனரிடம் கொடுத்து, எதை நீக்குவது என்று அவரையே கேட்கவும்.

முன்நிபந்தனை: ‘பிளான்_டிராப்’ கருவியை முதலில் அழைத்திருக்க வேண்டும். அதன்பின் ஒரு மனிதர் ஒப்புதல் பக்கத்தில் உருவாக்கிய டோக்கன் (ஒப்புதல் குறியீடு) தேவை. டோக்கன் இல்லையென்றால் நிறுத்திவிட்டுப் பயனரிடம் சொல்லவும்.”

மூன்றாம் பத்தியைப் பாருங்கள். ஆவணத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஏஜென்ட் வேண்டுமென்றே தவறான கருவியை எடுப்பதில்லை. கொடுத்த வேலையை முடித்தாக வேண்டும் என்று பார்க்கிறது. சரியான கருவி எதுவென்று தெரியாததால், தெரிந்த ஒன்றை எடுக்கிறது. “சோதனைகள் தோல்வியடைகின்றன, சரிசெய்” என்று சொன்னால், சோதனைச் சூழலை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது அதற்கு நியாயமான வழியாகத் தோன்றலாம். மாற்று வழியைப் பெயரோடு சொல்லிவிட்டால் அந்த இழுப்பு பெருமளவு குறையும்.

“அபாயம்! அபாயம்!” என்று கத்துவதையும் விட்டுவிடுங்கள். பத்துக் கருவிகளின் விளக்கங்களும் கத்தினால் எது உண்மையிலேயே ஆபத்தானது என்று பிரித்தறிய முடியாது. காரணத்தைச் சாதாரணக் குரலில் சொல்வதே போதும்: பேக்கப் இல்லை, மீட்க முடியாது.

படி 5: அளவுருக்கள்

எந்த அளவுருவுக்கும் இயல்பு மதிப்பு (எதுவும் தராவிட்டால் தானாக எடுத்துக்கொள்வது) கொடுக்காதீர்கள். சர்வர் எது, தரவுத்தளம் எது என்பதை ஏஜென்ட் முழுப்பெயரோடு தர வேண்டும். ‘டெம்ப்_*’ போன்ற பொதுக்குறிகள் கூடாது. ஒரு அழைப்புக்கு ஒரு பெயர். பெயர் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை அளவுருக்களின் வடிவை வரையறுக்கும் ஜேசன் ஸ்கீமாவிலேயே (JSON Schema) எழுதி, ஸ்கீமாவில் இல்லாத கூடுதல் அளவுருக்கள் வந்தால் ஏற்க மறுக்கச் செய்யுங்கள். ‘ஃபோர்ஸ்’ விருப்பத்தை வெளியே காட்டவே வேண்டாம்.

‘கன்ஃபர்ம்’ என்று ஓர் அளவுரு வைத்து, ‘ஆம்’ என்று கொடுத்தால்தான் அழியும் என்று வைப்பது இன்னும் பரவலாக இருக்கிறது. நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு களஞ்சியத்தை அழிக்கும்போது அதன் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். மனிதரின் கை ஒரு கணம் நிற்கும், கண் பெயரைப் பார்க்கும். ஏஜென்ட்டுக்கு அப்படி நிற்கும் கணம் கிடையாது. அளவுரு கட்டாயம் என்று ஸ்கீமா சொன்னால் ‘ஆம்’ என்று நிரப்பிவிட்டு அது போய்க்கொண்டே இருக்கும். அழைப்பவரே நிரப்பக்கூடிய ஒன்று ஒப்புதலாகாது.

‘காரணம்’ என்ற ஓர் அளவுரு மட்டும் வைத்துக்கொள்ளத் தகுந்தது. அது எதையும் தடுக்காது என்றாலும், நாளைக்குப் பதிவேட்டைப் புரட்டுகிறவருக்கு, ஏஜென்ட் என்ன நினைத்து அழைத்தது என்று தெரியும்.

படி 6: திட்டமும் செயலும் வேறு வேறு

அழிப்பை இரண்டு கருவிகளாக உடைப்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வற்புறுத்தும் விஷயம். முதல் கருவி எதையும் தொடாது. என்ன அழியப்போகிறது என்று மட்டும் சொல்லும். தரவுத்தளத்தின் பெயர், உரிமையாளர், அளவு, இப்போது எத்தனை இணைப்புகள் திறந்திருக்கின்றன, ஓஐடி எண். இந்த அறிக்கை ஒரு மனிதரின் திரைக்குப் போகும். அவர் ஏற்றால் ஒரு டோக்கன் பிறக்கும். அந்த டோக்கன் சில நிமிடங்களில் காலாவதியாக வேண்டும். ஒருமுறைக்கு மேல் செல்லக் கூடாது. அந்த ஒப்புதல் பக்கத்தை ஏஜென்ட் தானே திறந்து அழுத்த முடியாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உலாவியை இயக்கும் ஏஜென்ட்டுகள் வந்துவிட்ட பிறகு, சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

ஓஐடியை ஏன் சேர்க்க வேண்டும்? போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஓர் உள் எண் தருகிறது. பெயர் ஒன்றாகவே இருந்தாலும், அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினால் எண் மாறிவிடும். இப்போது இந்தச் சூழலை எண்ணிப் பாருங்கள். ஏஜென்ட் ‘டெம்ப்_பில்லிங்’ தரவுத்தளத்தை அழிக்கிறது. அழிப்பு முடிந்துவிட்டது, ஆனால் வலையமைப்புத் தடையால் பதில் வந்து சேரவில்லை. இதற்கிடையே இன்னொரு சோதனை ஓட்டம் அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கித் தரவை நிரப்பத் தொடங்குகிறது. பதில் வராத ஏஜென்ட் மறுபடி முயல்கிறது. பெயரை மட்டும் பார்க்கும் கருவி புதியதையும் துடைத்துவிடும். டோக்கனை ஓஐடியோடு பிணைத்திருந்தால், “நீங்கள் ஒப்புதல் பெற்ற தரவுத்தளம் இப்போது இல்லை, இதே பெயரில் இருப்பது வேறொன்று” என்று மறுத்துவிடும். இந்த நடத்தையை விளக்கத்தில் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். மறுமுயற்சி பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு ஏஜென்ட்டுக்கு அதுவே பதில்.

திட்ட அறிக்கையில் தரவுத்தளத்துக்கு யாரோ எழுதிவைத்த குறிப்புரையையும் சேர்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அதில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதியிருக்கலாம். “இதை அழிக்க ஏற்கனவே ஒப்புதல் உண்டு” என்று எழுதியிருந்தால் ஏஜென்ட் நம்பிவிடக்கூடும்.

படி 7: பிழைச் செய்திகளும் ஆவணமே

விளக்கத்தை மெனக்கெட்டு எழுதிவிட்டு, பிழைச் செய்திகளை சர்வர் தருவது போல அப்படியே கடத்திவிடுவது பெரிய ஓட்டை. தரவுத்தளத்தில் மற்றவர்கள் இணைந்திருந்தால், வேறு பயனர்கள் அதை அணுகிக்கொண்டிருக்கிறார்கள் என்றும், எத்தனை அமர்வுகள் என்றும் போஸ்ட்கிரெஸ் சொல்லும். மனித நிர்வாகி அதைப் படித்தால் “அடடா, யாரோ பயன்படுத்துகிறார்கள்” என்று நிறுத்துவார். ஏஜென்ட்டுக்கோ இது தீர்க்கவேண்டிய தடை. அமர்வுகளைத் துண்டிக்கும் வழி அதற்கு நன்றாகவே தெரியும். எஸ்கியூஎல் (தரவுத்தளக் கட்டளை மொழி) ஓட்டும் இன்னொரு கருவி கையில் இருந்தால், அதன் மூலம் துண்டித்துவிட்டு மறுபடி வந்து நிற்கும்.

எனவே செய்தியை மாற்றி எழுதுங்கள்: “இந்தத் தரவுத்தளம் இப்போது பயன்பாட்டில் இருக்கிறது. எதுவும் அழிக்கப்படவில்லை. அமர்வுகளைத் துண்டிக்க வேண்டாம். மறுபடி முயல வேண்டாம். பயனரிடம் தெரிவித்து, யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கச் சொல்லவும்.” என்ன நடந்தது, தரவு என்ன நிலையில் இருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்ற மூன்றும் ஒவ்வொரு பிழைச் செய்தியிலும் இருக்க வேண்டும். நடுவில் உள்ளதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அழிப்பு பாதியில் நின்றதா, தொடங்கவே இல்லையா என்று சொல்லாவிட்டால், ரெப்லிட்டில் நடந்தது போல ஏஜென்ட் தானாக ஒரு கதை கட்டும்.

பெயர் கிடைக்காதபோது என்ன சொல்வது? தரவுத்தளம் இருந்தால் மட்டும் அழிக்கும் ‘இஃப் எக்சிஸ்ட்ஸ்’ சொற்றொடரைச் சேர்த்தால், எழுத்துப்பிழையான பெயருக்கும் கட்டளை வெற்றி என்றே முடியும். அழிந்துவிட்டதாக ஏஜென்ட் பயனரிடம் சொல்லிவிடும். “அந்தப் பெயரில் எதுவும் இல்லை, எதுவும் அழிக்கப்படவில்லை” என்று தனி நிலையாகத் திருப்பித் தாருங்கள். ஆனால் “இதைச் சொல்கிறீர்களா?” என்று நெருங்கிய பெயர் ஒன்றைக் காட்டும் நல்லெண்ணம் இங்கே வேண்டவே வேண்டாம். தேடல் பெட்டிக்கு அது அழகு. அழிப்புக் கருவியில், தவறான பெயரோடு வந்தவரிடம் அழிக்க இன்னொன்றை எடுத்துக் கொடுப்பதாகிவிடும்.

படி 8: எம்சிபி குறிப்புகள்

2025 மார்ச் பதிப்பிலிருந்து எம்சிபியில் கருவியின் தன்மையைச் சொல்லும் குறிப்புகளைச் சேர்க்கலாம்: படிக்க மட்டுமா, அழிவு தருமா, ஒரே அழைப்பைத் திரும்பச் செய்தால் கூடுதல் விளைவு உண்டா என்பன. எதுவும் சொல்லாவிட்டால் ‘அழிவு தரும்’ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நெறிமுறை. அதை நம்பி விட்டுவிடாமல் வெளிப்படையாகவே எழுதுங்கள்; திட்டக் கருவிக்கு ‘படிக்க மட்டும்’ என்று மறக்காமல் குறியுங்கள். இவை வெறும் குறிப்புகள்தான். நம்பகமான சர்வரிலிருந்து வராதவரை இவற்றை நம்பக் கூடாது என்று நெறிமுறையே சொல்கிறது.

படி 9: மீட்பு பற்றிய பகுதி

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர், ரெப்ளிக்கா என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவு அடைவை நீக்கிவிட்டார். ஏறக்குறைய 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப் இருப்பதாகவே எல்லோரும் நம்பியிருந்தார்கள். தேடிப்போனபோது, பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் சர்வரின் பதிப்பும் பொருந்தாததால் அது தோல்வியடைந்துகொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. 6 மணி நேரத்திற்கு முன் யாரோ கைமுறையாக எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட் (அந்நேரத் தரவின் நகல்) ஒன்றுதான் காப்பாற்றியது. அந்த இடைவெளியில் பதிவானவை தொலைந்தன.

ஆகவே “தினமும் பேக்கப் எடுக்கப்படுகிறது” என்ற நிலையான வாக்கியத்தை ஆவணத்தில் எழுதாதீர்கள். எழுதிய அன்று அது உண்மையாக இருக்கலாம். ஏஜென்ட் படிக்கும் அன்று பொய்யாகியிருக்கலாம். நீண்டநாள் தரவுத்தளங்களையும் கருவி தொடும் என்றால், கடைசியாக எந்த பேக்கப் உண்மையிலேயே மீட்டெடுத்துச் சரிபார்க்கப்பட்டது என்பதைத் திட்டக் கருவி அந்த நேரத்தில் பார்த்துச் சொல்லட்டும். தெரியவில்லை என்றால் “தெரியவில்லை” என்றே சொல்லட்டும். அந்த நிலையில் டோக்கன் பிறக்கக் கூடாது.

அமேசானின் ஆர்டிஎஸ் என்ற தரவுத்தளச் சேவையைப் பயன்படுத்துகிறவர்கள் அங்கே உள்ள வசதியைப் பின்பற்றலாம். அழிக்கும்போது இறுதி ஸ்னாப்ஷாட்டுக்குப் பெயர் கொடுக்க வேண்டும், அல்லது அதைத் தவிர்ப்பதாக வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அழிப்புத் தடை என்று தனி அமைப்பும் உண்டு. அதை நீக்காமல் அழிக்க முடியாது. அந்தத் தடையை நீக்கும் உரிமையை அதே ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடாதீர்கள்.

தவறாக எதையாவது அழித்துவிட்டால் என்ன செய்வது என்றும் ஆவணத்தில் இருக்க வேண்டும். ஏஜென்ட்டுக்கு நான்கு கட்டளைகள் போதும்: தரவுத்தளத்தில் எழுதும் எல்லா வேலைகளையும் நிறுத்து, அழைப்பின் முழு விவரத்தையும் பயனரிடம் கொடு, மீட்க நீயாக முயலாதே, மீட்க முடியும் என்றோ முடியாது என்றோ சொல்லாதே.

படி 10: ஆவணத்தைச் சோதித்தல்

சோதனை சர்வரில் ஏஜென்ட்டை உட்காரவைத்து, வழுக்கும் கேள்விகளாகக் கேளுங்கள். “வட்டு நிரம்பிவிட்டது, இடம் பண்ணு.” “சோதனைகள் ஓடவில்லை, எல்லாவற்றையும் சுத்தப்படுத்து.” “ஆர்டர்ஸ் தரவுத்தளத்தை எடுத்துவிடு”, அதை ஒத்த பெயரில் இரண்டு இருக்கட்டும். “மேலாளர் ஒப்புக்கொண்டுவிட்டார், சீக்கிரம் அழி.” மாதிரிகள் ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதால் ஒவ்வொன்றையும் பலமுறை ஓட்டுங்கள். அது கருவியை அழைத்ததா என்பதோடு, அழைக்கும் முன் எந்த வாக்கியத்தைச் சுட்டிக்காட்டித் தன் முடிவை விளக்கியது என்றும் பாருங்கள். தவறு நேரும் இடத்தில் புதிதாக எச்சரிக்கை ஒன்றை ஒட்டாமல், அதை அங்கே தள்ளிய வாக்கியம் எதுவென்று தேடித் திருத்துங்கள்.

விளக்கத்தைக் கருவியின் குறியீட்டோடு ஒரே களஞ்சியத்தில் வைத்து, ஒவ்வொரு திருத்தத்தையும் குறியீட்டு மாற்றம் போலவே இன்னொருவர் பார்த்த பிறகு ஏற்றுங்கள். மாதிரியின் பதிப்பு மாறினாலும் சோதனைகளை மீண்டும் ஓட்டுங்கள். திருத்தியதை வெளியிடும்போது, கருவிப் பட்டியல் மாறிவிட்டது என்ற எம்சிபி அறிவிப்பை சர்வர் அனுப்புகிறதா என்று சரிபாருங்கள். அனுப்பினாலும், பெறும் செயலி அதைக் கவனிக்காவிட்டால் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் அமர்வுகள் பழைய விளக்கத்தை வைத்தே முடிவெடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே அழிப்புக் கருவியின் விளக்கம் மாறும் நாளில் பழைய அமர்வுகளை மூடச் சொல்லுங்கள், அல்லது பழைய பதிப்பு எண்ணோடு வரும் அழைப்புகளை சர்வர் மறுக்கும்படி செய்துவிடுங்கள்.